70 வாட்டா, 135 வாட்டா?

யமஹா நிறுவனத்தின் ஆர்எக்ஸ்-வி385 என்ற ஏவி ரிசீவர், 5.1 ஹோம் தியேட்டர் அமைக்க நினைக்கும் இந்தியக் குடும்பங்கள் பரவலாக விசாரித்த பெட்டிகளில் ஒன்று. அதன் விவரத் தாளில் திறன் என்ற இடத்தில் மூன்று எண்கள் இருக்கின்றன: 70 வாட், 100 வாட், 135 வாட். மூன்றும் ஒரே பெட்டியைப் பற்றியவை, மூன்றும் உண்மை. காது கேட்கும் வீச்சு முழுவதிலும், அதாவது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல்களைச் சேர்த்து ஓட்டி, ஒலிச் சிதைவு 0.09 சதவீதத்தைத் தாண்டாமல் அளந்தால் 70. 1,000 ஹெர்ட்ஸ் என்ற ஒரே சுருதியைக் கொடுத்து, ஒரு சேனலை மட்டும் ஓட்டி, சிதைவு 0.9 சதவீதம் வரை போகலாம் என்று விட்டால் 100. அதே ஒற்றைச் சேனலில் சிதைவு 10 சதவீதம் ஆகும்வரை ஏற்றிக்கொண்டே போனால் 135. பத்து சதவீதச் சிதைவு என்றால் பழக்கமில்லாத காதுக்கும் கரகரப்பு தெரிந்துவிடும். நிறுவனம் மூன்று எண்ணையும் நிபந்தனையோடுதான் அச்சிடுகிறது. ஆனால் புதுக்கோட்டை கீழராஜவீதியிலோ அறந்தாங்கியிலோ ஒரு கடையில் விசாரிக்கும்போது நிபந்தனை உதிர்ந்து, எண் மட்டும் வாய்வழியாக வந்து சேர்கிறது. ஒரு கம்பெனியின் 135-ஐ இன்னொரு கம்பெனியின் 80-ஓடு வைத்துப் பார்த்து, பெரியதே நல்லது என்று பணம் கட்டிவிடுகிறோம். அந்த 80, முழு வீச்சில் இரண்டு சேனல்களை ஓட்டி அளந்த 80-ஆக இருக்கலாம். அப்படியானால் பலமான பெட்டி அதுதான். ரிசீவர் வாங்குவதில் நம் பணம் அதிகம் வீணாவது இங்கேதான் என்பது என் கருத்து: பெட்டியைப் பெட்டியோடு ஒப்பிடுகிறோம், அது உட்காரப்போகும் ஹாலோடு ஒப்பிடுவதே இல்லை.

வாட் கணக்கில் இந்தக் குழப்பம் புதிதல்ல. 1990-களில் டேப் ரெக்கார்டர், மினி சிஸ்டம் வாங்கிய தலைமுறைக்கு பிஎம்பிஓ என்ற நான்கு எழுத்து நினைவிருக்கும். ஆயிரம், இரண்டாயிரம் என்று முன்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பின்பக்கத் தகட்டில் அந்தப் பெட்டி மின்சாரத்திலிருந்து இழுப்பதோ நூறு வாட்டைக்கூட எட்டாது. உள்ளே போகாத சக்தி தொடர்ந்து வெளியே வர வழியில்லை. அந்த எழுத்துகளுக்குப் பின்னால் எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் இருக்கவில்லை. அமெரிக்காவில் இதே கூத்து முற்றியதால்தான் அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையம் 1974-ல் ஆம்ப்ளிஃபயர் திறனை எப்படி அளந்து விளம்பரப்படுத்த வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 2024-ல், அந்த விதியைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். 8 ஓம் சுமை, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், சிதைவு 1 சதவீதத்துக்குள் என்று ஒரே சோதனைமுறையை நிலைநிறுத்தினார்கள். நம் ஊர்களில் ஓடும் அசெம்பிள் செட்டுகளும் இந்தக் கணக்குக்குத் தப்பவில்லை. அவற்றில் மிகப் பழக்கமான 4440 ஐ.சி., ஸ்டீரியோவாக ஓடினால் சேனலுக்கு 6 வாட், இரண்டையும் பிரிட்ஜ் செய்தால் 19 வாட் தருவதாகத்தான் அதைத் தயாரித்த சான்யோ சொன்னது. அந்த போர்டை உள்ளே வைத்த பெட்டியின் முகப்பில் எந்த எண்ணை எழுதினாலும் ஐ.சி.யின் கணக்கு மாறாது. ஆகவே ஒப்பிடும்போது முதல் வேலை, எல்லாப் பெட்டிகளையும் ஒரே நிபந்தனைக்குக் கொண்டுவருவது. முழு வீச்சு, இரண்டு சேனல், எத்தனை ஓம், எவ்வளவு சிதைவு என்ற நான்கும் எழுதியிருக்கிற வரியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்பீக்கரின் மின்தடையைக் குறிக்கும் ஓம் முக்கியம், ஏனென்றால் அதே பெட்டி 8 ஓமைவிட 6 ஓமில் கூடுதல் எண் காட்டும். மேலே சொன்ன யமஹாவின் 70 வாட் 6 ஓமில் அளந்தது. டெனான் ஏவிஆர்-எக்ஸ்1800ஹெச் என்ற பெட்டிக்குச் சொல்லப்படும் 80 வாட் 8 ஓமில் அளந்தது. இரண்டுக்கும் உள்ள உண்மையான இடைவெளி 10 வாட்டைவிடக் கூடுதல்.

இப்படி ஒரே தளத்துக்குக் கொண்டுவந்த பிறகும், அந்த வித்தியாசம் காதுக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும். ஒலியின் உரப்பை டெசிபெலில் அளக்கிறோம். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபெல், அதாவது கேட்கிறவர் கவனித்தால் தெரிகிற ஓர் ஏற்றம், அவ்வளவே. இரண்டு மடங்கு உரக்கக் கேட்கிறது என்று மனசுக்குத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் ஆகும். 70-க்கும் 135-க்கும் இடையே 3 டெசிபெல்கூட இல்லை. 80-க்கும் 90-க்கும் இடையே அரை டெசிபெல். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் அளந்தால் 87 டெசிபெல் தருகிற ஸ்பீக்கரை விட்டுவிட்டு 90 டெசிபெல் தருகிற ஸ்பீக்கரை வாங்கினால், ரிசீவரின் வாட்டை இரட்டிப்பாக்கிய பலன் கையில் வந்துவிடும். சாதாரண 87 டெசிபெல் ஸ்பீக்கரையே எடுத்துக்கொள்வோம். மூன்று மீட்டர் தள்ளி சோபாவில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு வாட்டில் சுமார் 80 டெசிபெல் வந்து சேரும். வசனம் 70 டெசிபெலில் தெளிவாகக் கேட்கும், அதற்கு வாட்டில் பத்தில் ஒரு பங்கு போதும். வெடியும் மேளமும் அதைவிட 20 டெசிபெல் எகிறினால் 10 வாட். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிற அளவுக்கு, 100 டெசிபெல் வரை போனால்தான் 100 வாட் கணக்கு வரும். அதிலும் ஆழ்ந்த பாஸ் ஒலிகளை, பொதுவாக 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பவற்றை, தனக்கென ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கும் சப்வூஃபர் ஏற்றுக்கொள்வதால் ரிசீவருக்குப் பெரிய சுமை குறைந்துவிடுகிறது. ஐந்து ஸ்பீக்கரையும் ஒரே நேரத்தில் முழு பலத்தில் ஓட்டினால் சேனலுக்குக் கிடைக்கும் வாட் குறையும் என்பது உண்மையே, ஏனென்றால் உள்ளே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுதான். ஆனால் ஐந்தும் சேர்ந்து உச்சத்தில் நிற்கும் நொடிகள் படங்களில் அரிது. பதினைந்தடி ஹாலுக்கு, நேர்மையாக அளந்த 70 வாட் தாராளம்.

அப்படியானால் ஒரு வீட்டில் அருமையாகக் கேட்கும் அதே ரிசீவர் இன்னொரு வீட்டில் ஏன் இரைச்சலாகக் கேட்கிறது? ஹால்தான் காரணம். இதற்குக் கணக்குப் போட வழி காட்டியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபின். 1895-ல் அங்கு ஒரு விரிவுரைக்கூடத்தில் பேச்சு புரியவில்லை என்ற புகார் வந்து, அதைச் சரிசெய்யும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒலி நின்ற பிறகும் அறையில் அது எவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதை, அறையின் கன அளவையும் சுவர், தரை, பொருள்கள் ஒலியை உறிஞ்சும் அளவையும் வைத்துச் சொல்லிவிடலாம் என்று அவர் கண்டார். புதுக்கோட்டைப் பக்கம் இப்போது கட்டுகிற வீட்டின் ஹாலை இதில் போட்டுப் பாருங்கள். 15 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். சிமென்ட் பூசி பட்டி பார்த்த சுவர், கான்கிரீட் கூரை, வழுவழு டைல்ஸ் தரை. இவை தம்மீது விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கு உறிஞ்சினாலே பெரிது. ஹால் காலியாக இருந்தால் ஒலி அடங்க மூன்று விநாடிக்கு மேல் ஆகிறது. ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த ஐந்தாறு சொற்கள் அதன்மேல் வந்து விழுகின்றன. வசனம் புரியாமல் ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டுகிறோம், எதிரொலியும் சேர்ந்து கூடுகிறது. இந்த நிலையில் 135 வாட் வாங்கியவருக்குக் கிடைப்பது இன்னும் உரத்த குழப்பம். அதே ஹாலில் ஒரு பக்கச் சுவர் முழுக்க மடிப்பு மடிப்பாகக் கனமான திரை தொங்கவிட்டு, துணி உறை போட்ட சோபாவும் தடித்த ஜமுக்காளமும் போட்டு, நாலு பேர் உட்கார்ந்துவிட்டால் அந்த மூன்று விநாடி முக்கால் விநாடியை ஒட்டி இறங்கிவிடும். எந்த நிறுவனத்தின் எந்த விலை ரிசீவராலும் இந்த மாற்றத்தைத் தர முடியாது. திரைத்துணிக்கு ஆகும் செலவை ரிசீவர் பட்ஜெட்டில் முதல் வரியாக எழுதச் சொல்வேன்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். இப்போதைய ரிசீவர்களில் அறைக்கு ஏற்பத் தானே சரிசெய்துகொள்ளும் வசதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. யமஹாவில் ஒய்பிஏஓ, டெனான், மராண்ட்ஸ் பெட்டிகளில் ஆடிஸி, வேறு சிலவற்றில் டிராக் என்று பெயர் மாறும். சிறிய மைக் ஒன்றை உட்காரும் இடத்தில் வைத்தால் ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சோதனை ஒலி எழுப்பி, தூரத்தையும் உரப்பையும் தானே அளந்து சரிக்கட்டும். மிகப் பயனுள்ள வசதி இது. இரண்டு ரிசீவர்களை ஒப்பிடும்போது வாட்டைவிட இதன் தரத்துக்கே நான் கூடுதல் மதிப்பெண் தருவேன். நம் ஹாலின் 15 அடி நீளத்துக்கு 38, 39 ஹெர்ட்ஸ் அருகிலும், 12 அடி அகலத்துக்கு 48 ஹெர்ட்ஸ் அருகிலும் பாஸ் ஒலி தேங்கி நின்று உறுமும். அந்த உறுமலைத் தணிப்பதில் நல்ல திருத்தமுறைக்கும் சுமாரான திருத்தமுறைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஆனால் ஸ்பீக்கருக்குள் போகும் ஒலியைத்தான் ரிசீவர் மாற்ற முடியும். வெளியே வந்து டைல்ஸில் பட்டுத் திரும்பும் ஒலியை அதனால் பிடித்து நிறுத்த முடியாது. நீளமும் அகலமும் ஒன்றாக இருக்கும் சதுர ஹாலில் இரண்டு உறுமலும் ஒரே சுருதியில் சேர்ந்துகொள்வதால் நிலைமை இன்னும் மோசம். வீடு கட்டத் தொடங்காதவர்கள் மேஸ்திரியிடம் பேசும்போதே இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது சேனல் எண்ணிக்கை. 5.1, 7.2, 5.1.2 என்று எண்கள் ஏற ஏற விலையும் ஏறுகிறது. முதல் எண் காது உயரத்தில் வைக்கும் ஸ்பீக்கர்கள், நடு எண் சப்வூஃபர், மூன்றாவது எண் தலைக்கு மேலிருந்து ஒலி தருபவை. 7.1-ன் கூடுதல் இரண்டு ஸ்பீக்கரும் நமக்குப் பின்னால் நிற்க வேண்டியவை. நம் ஹால்களில் சோபா பின்சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது, பின்னால் இடமே இல்லை. தலைக்கு மேல் ஒலிக்கும் அட்மாஸ் தமிழ் ரசிகருக்கு அந்நியமானதல்ல. 2012 டிசம்பரில் வந்த 'சிவாஜி 3டி' அட்மாஸ் ஒலியோடு திரையிடப்பட்டது. அதற்கு வெகு முன்பே, 1995-ல், 'குருதிப்புனல்' டால்பி ஒலியோடு வந்தது. தியேட்டரில் கேட்டதை வீட்டிலும் கேட்க ஆசைப்படுவது நியாயம். வீடு இடம்கொடுக்குமா என்பதே கேள்வி. கூரையில் ஸ்பீக்கர் பதிக்காமல், கீழிருந்து மேல்நோக்கி ஒலித்துக் கூரையில் பட்டுத் திரும்பும் வகை ஸ்பீக்கருக்குத் தட்டையான கூரை வேண்டும், அது ஏழரை அடியிலிருந்து பன்னிரண்டு அடிக்குள் இருப்பது நல்லது என்கிறது டால்பியின் பரிந்துரை. புதுத் தெருக்களின் கான்கிரீட் வீட்டுக்கு இது பொருந்தும். சரிவான ஓட்டுக்கூரை வீட்டில் ஒலி வேறு திசைக்குப் போய்விடும். ராயவரம், அரிமளம், கோனாபட்டு பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளின் உயர்ந்த கூடங்களில் கூரை அந்த எல்லைக்கு அப்பால் நிற்கும். அங்கே மேல்நோக்கும் ஸ்பீக்கர் வீண்செலவு. இந்த வீடுகளில் நல்ல 5.1-ல் நிறுத்திக்கொண்டு, மிச்சப் பணத்தை நடு ஸ்பீக்கரில் போடுவதே சரி. ஒரு படத்தின் வசனத்தில் பெரும்பகுதி அந்த ஒற்றை ஸ்பீக்கர் வழியாகத்தான் வருகிறது. புதிதாகக் கட்டுகிறவர்கள் மட்டும், பூச்சு வேலைக்கு முன்பே ஸ்பீக்கர் வயருக்கு பைப் பதித்துவிட்டால் பின்னால் சுவரைக் கொத்த வேண்டியிராது.

நாளைக்கு எது வருமோ, இன்றே பெரியதாக வாங்கிவிட்டால் பத்து வருடம் கவலையில்லை என்பது அடிக்கடி கேட்கும் இன்னொரு வாதம். பெரிய செலவை ஒரே தடவை செய்ய நினைக்கும் குடும்பத்தின் நியாயம் அதில் இருக்கிறது. ஆனால் நாம் பார்ப்பது என்ன என்று யோசிக்க வேண்டும். தொலைக்காட்சி சீரியலும் செய்தியும் பெரும்பாலும் இரண்டு சேனல் ஸ்டீரியோ. ஓடிடி படங்களின் 5.1 ஒலியும் சரி, அட்மாஸும் சரி, சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில் வருகின்றன. டிவியிலிருந்து ரிசீவருக்கு அதைக் கொண்டுவர ஏஆர்சி என்று எழுதிய சாதாரண எச்டிஎம்ஐ துளையும் ஒரு கேபிளும் போதும். இ-ஏஆர்சி என்ற புதிய வகை அவசியமாவது, புளூரே டிஸ்க்கின் தரம் குன்றாத ஒலியை டிவி வழியாக அனுப்பும்போது. டிஸ்க்கே வாங்காத வீட்டில் அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பானேன்? புதியதை முந்திக்கொண்டு வாங்குவதிலும் ஆபத்து உண்டு. 2020 இறுதியில் எச்டிஎம்ஐ 2.1 வசதியோடு சந்தைக்கு வந்த ரிசீவர்களில், டெனான், மராண்ட்ஸ், யமஹா உட்பட, உள்ளே இருந்த ஒரு சிப்பின் கோளாறால் புதிய எக்ஸ்பாக்ஸின் வேகமான 4கே படம் திரையில் வராமலே போனது. எதிர்காலத்துக்கென்று வாங்கியவர்கள்தான் தீர்வுக்குக் காத்திருந்தார்கள். வேகமான வீடியோ கேம் விளையாடும் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அந்த வசதி தேவை, மற்றவர்களுக்கு இல்லை.

அசெம்பிள் செட்டே போதாதா, சவுண்ட்பார் போதாதா என்று கேட்பவர்களையும் ஒதுக்கிவிட முடியாது. உள்ளூரில் செய்த செட் கெட்டுப்போனால் உள்ளூரிலேயே சரிசெய்துகொள்ளலாம், அது சாதாரண பலம் அல்ல. பாட்டு மட்டும் கேட்கிறவருக்கு நேர்மையான மெக்கானிக் செய்த ஸ்டீரியோ செட் நிறைவு தரும். படத்துக்கு வரும்போதுதான், எச்டிஎம்ஐ இல்லாததும் அறைத் திருத்தம் இல்லாததும் குறையாகத் தெரியும். பத்தடிக்குப் பத்தடி அறையில் டிவி பார்ப்பவருக்கு சவுண்ட்பாரே சரியான விடை, ரிசீவர் வேண்டியதில்லை.

நம் மாவட்டத்தில் ஒப்பீட்டுக் கணக்கில் சேர வேண்டிய இன்னும் இரண்டு விஷயங்கள் எந்த விவரத் தாளிலும் இருக்காது: வெப்பமும் சர்வீஸும். ரிசீவருக்குள் போகும் மின்சாரத்தில் கணிசமான பகுதி சூடாகத்தான் வெளியேறுகிறது. கோடையில் வெளியிலேயே நாற்பது டிகிரியை நெருங்கும் ஊரில், சுவரில் கட்டிய கண்ணாடிக் கதவு ஷோகேஸுக்குள் அதைப் பூட்டி வைத்தால் ஆயுள் குறையும். பயனர் கையேட்டில் மேலேயும் பக்கத்திலும் எத்தனை செ.மீ. இடம் விடச் சொல்லியிருக்கிறது என்று பார்த்து, அந்த இடம் இல்லையென்றால் வேறு மாடலைப் பார்க்க வேண்டும். கதகதப்பைத் தேடி உள்ளே நுழையும் பல்லி போர்டைக் கருக்கிவிடுவதும் இங்கே நடப்பதுதான், அதனால் மேற்பரப்பின் துவாரங்கள் எவ்வளவு பெரியவை என்பதுகூட பார்க்க வேண்டிய ஒன்று. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வீசியபோது புதுக்கோட்டை மாவட்டத்தில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, பல கிராமங்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அப்படிப்பட்ட நாளுக்குப் பின் மின்சாரம் திரும்பும்போதும், இடி மின்னலின்போதும் பிளக்கையும் டிஷ் கேபிளையும் கழற்றி வைப்பதே பாதுகாப்பு. வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டு முதலில் பார்த்துவிட வேண்டும். சர்வீஸைப் பொறுத்தவரை, ஏழெட்டுக் கிலோ எடையுள்ள பெட்டியைத் தூக்கிக்கொண்டு புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகும். மணமேல்குடிக்காரருக்கு அது இரண்டு மடங்குக்கும் மேல். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பெட்டிக்கு இங்கே வாரண்டி செல்லுமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். சிங்கப்பூர் பெட்டி 230 வோல்ட்டில் ஓடும். அமெரிக்காவில் விற்கும் ரிசீவர் அங்குள்ள 120 வோல்ட்டுக்கானது, நம் பிளக்கில் நேராகச் சொருகினால் புகைதான். பெரிய பெயரை மட்டும் நம்பி இருந்துவிடவும் முடியாது. ரிசீவர் உலகில் பல பத்தாண்டு புகழ்பெற்றிருந்த ஒன்கியோவின் ஹோம் தியேட்டர் நிறுவனம் 2022 மே மாதம் ஜப்பானில் திவால் மனு கொடுத்தது. பெயர் வேறு கைகளுக்குப் போய்த் தொடர்கிறது. பழைய பெட்டி வைத்திருப்பவருக்கு உதிரிபாகம்தான் கவலை.

கடையில் கேட்டுப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் வெடிச் சத்தம் நிறைந்த டெமோ காட்சியை நம்பாதீர்கள். அதில் எல்லாப் பெட்டியும் பிரமாதமாகவே கேட்கும். உரக்க ஒலிப்பது நன்றாக ஒலிப்பதுபோல் காதை ஏமாற்றும், எனவே இரண்டு ரிசீவரையும் ஒரே உரப்பில் வைக்கச் சொல்லுங்கள், செல்போனில் டெசிபெல் காட்டும் செயலியே அதற்குப் போதும். ஒலியை எடைபோட இந்த மண்ணிலேயே ஒரு நல்ல கருவி இருக்கிறது. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உயர்த்தியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை அதிலும் மிருதங்கத்திலும் புதுக்கோட்டைப் பாணியை நாடறியச் செய்தார். உடும்புத் தோலை விரலால் அழுத்தும்போது குழைந்து இறங்கும் கும்காரமும், சட்டத்தில் செருகிய காசுகளின் மெல்லிய சலங்கை ஒலியும் ஒரே வாத்தியத்தில் வருகின்றன. நல்ல கஞ்சிராப் பதிவு ஒன்றைப் போட்டால், கும்காரம் உறுமலாகக் கலங்குகிறதா, காசின் ஒலி தனியாகப் பிரிந்து கேட்கிறதா என்று யாருக்கும் தெரிந்துவிடும். அதன்பின் ஒரு படத்தில் இருவர் தணிந்த குரலில் பேசும் காட்சியைப் போட்டு, சத்தத்தைக் கூட்டாமலே எல்லாச் சொல்லும் புரிகிறதா என்று கேளுங்கள்.

கடைக்குக் கிளம்புமுன் ஹாலின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் டேப் பிடித்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சோபாவிலிருந்து டிவி எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் அந்தத் தாளைக் கொடுத்துவிட்டு, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், இரண்டு சேனல், இத்தனை ஓம், இவ்வளவு சிதைவு என்று எழுதிய வரியை ஒவ்வொரு பெட்டிக்கும் காட்டச் சொல்லுங்கள். அந்த வரியைக் காட்ட முடியாத பெட்டிக்கு, எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும், அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வராதீர்கள்.